ஒரு சின்னத் திருத்தம்

அவர் முகம் எனக்குத் தெரியாது. பத்து மாதம் அவரிடம் வேலை பார்த்தேன். ஞாயிறு தவிர எல்லா நாளும் காலை பதினொரு மணிக்கு அவர் குரலைக் கேட்டேன். முதலில் டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் வரும். பிறகு "சொல்லுங்க தம்பி" என்பார். இந்த இரண்டு சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு முகத்தை நினைத்துப் பார்க்க எத்தனையோ முறை முயன்றிருக்கிறேன். கண்ணாடி வருகிறது, காதோர நரை வருகிறது, முகம் வரவில்லை.

மேடம் என்றுதான் கூப்பிடுவேன். சென்னையில் ஒரு தொண்டு நிறுவனம். அதன் நோட்டீஸ், காலண்டர், ஆண்டறிக்கை, வெளிநாட்டுக்குப் போகும் வாழ்த்து அட்டை எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. நான் பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுச் சும்மா இருந்த சமயம். கல்லூரி நோட்டீஸ் போர்டில் பார்த்து எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி வேலை. சம்பளம் கிடையாது. சென்னைக்கு வர வேண்டாம், இருக்கிற இடத்திலேயே கம்ப்யூட்டரில் வடிவமைத்து மெயிலில் அனுப்பினால் போதும். பத்து மாதம் முடிந்தால் சர்டிபிகேட்.

எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சர்டிபிகேட்தான். திருச்சியில் ஏறி இறங்கிய ஒவ்வொரு அச்சகத்திலும் "முன்ன எங்க வேலை பாத்த?" என்றுதான் கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஐந்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுபவர். ராத்திரி சாப்பிடும்போது இருமிவிட்டு, சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு, "நீயாவது தூசி இல்லாத எடத்துல உக்காரணும்டா" என்பார். அந்த இடத்துக்கு உள்ளே விட ஒரு தாள் கேட்டார்கள். தாள் மேடத்திடம் இருந்தது.

எங்கள் ஊர் ரெட்டிபாளையத்துக்கு அடுத்தது. அங்கிருந்து தினமும் அரியலூருக்கு பஸ் ஏறுவேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில், லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் நடத்திய பிரவுசிங் சென்டரில், சுவரோரக் கம்ப்யூட்டர்தான் என் ஆபீஸ். பாய் கடை கூட்டிப் பெருக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். நான் காலையில் கடையைத் திறந்து பெருக்கி வைத்தால் கம்ப்யூட்டருக்கு வாடகை வேண்டாம் என்று பேச்சு. மேடம் பேசுவதும் அவர் கடை போனுக்குத்தான்.

ஊரில் இதை யாருக்கும் விளங்க வைக்க முடியவில்லை.

"மெட்ராஸ்ல வேலைங்குற, தெனம் அரியலூர் பஸ்ல ஏறுற."

"கம்ப்யூட்டர் வழியா மெட்ராஸ் வேலைய இங்கேர்ந்தே பாக்கலாம் மாமா."

"சம்பளமும் கம்ப்யூட்டர் வழியா வருமா மாப்ள?"

டீக்கடையில் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

மேடத்துக்கு ஒரே ஒரு விஷயம்தான் கணக்கு. முகம். என்ன நோட்டீஸாக இருக்கட்டும், கிணறு வெட்டுவதோ கண் சிகிச்சையோ, முதலில் முகத்தைத்தான் பார்ப்பார். "இந்த முகம் வேலை செய்யல தம்பி" என்பார். எங்கள் ஊரில் ஆள்தான் வேலை செய்வான், மாடு வேலை செய்யும். முகம் வேலை செய்யும் என்று அவரிடம்தான் கேட்டேன். வேலை செய்கிற முகம் எது என்று புரிய எனக்கு ஒரு மாதம் ஆனது. அதைப் பார்க்கிறவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போக வேண்டும். அதுதான் வேலை செய்கிற முகம்.

அவர் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "ரொம்ப நல்லா வந்திருக்கு. ஒரு சின்னத் திருத்தம்" என்று ஆரம்பிப்பார். நான் அனுப்பிய படத்தின் மேல் சிவப்பு வட்டங்கள் போட்டுத் திருப்பி அனுப்புவார். முதல் வட்டம் ஒரு பெரியவர் கையில் கட்டியிருந்த வாட்ச் மேல். இரண்டாவது, ஒரு பள்ளிக்கூடத்துப் பெண்ணின் புதுச் செருப்பு மேல். ஒரு குடிசையின் பின்னால் தூரத்தில் டிஷ் ஆண்டெனா தெரிந்தது, அதற்கும் வட்டம். சிரித்த பிள்ளைகள் படமாக வந்தால், "பல்லு தெரியுதே" என்பார். நான் உட்கார்ந்து வாட்சைக் கழற்றுவேன், செருப்பைக் கழற்றுவேன், வாயை மூடுவேன்.

கழற்றுவது என்றால், போட்டோஷாப்பில் அதற்கென்று ஒரு கருவி உண்டு. பக்கத்துத் தோலைக் கொஞ்சம் எடுத்து, வேண்டாத பொருளின் மேல் பூச வேண்டும். பூசப் பூசப் பொருள் மறைந்து அந்த இடத்தில் தோல் வந்துவிடும். எனக்குக் கை நன்றாக வந்தது. பொருள் இருந்த சுவடே தெரியாது. "உங்க கையில ஒரு நிதானம் இருக்கு தம்பி" என்று ஒருநாள் மேடம் சொன்னார். அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன், அவ்வளவு சந்தோஷம்.

"நாம பொய் சொல்லல. உள்ளதைத்தான் கொஞ்சம் தெளிவாச் சொல்றோம்." இதுவும் அவர் அடிக்கடி சொல்வது. நான் அதை நம்பினேன். இப்போது யோசித்துப் பார்க்கிறேன், அவரும் நம்பினார் என்றுதான் தோன்றுகிறது.

அன்பில்லாதவர் என்று சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் என்றால் பாய்க்கு இரண்டு முறை போன் செய்து விசாரிப்பார். அப்பா ஒருமுறை லாரியிலிருந்து சரிந்த மூட்டை பாதத்தில் விழுந்து படுத்திருந்தார். இரண்டு நாள் லீவு கேட்டேன். எந்த டாக்டர், எலும்பு உடைந்ததா, தூங்கினாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அடுத்த வாரம் பேச்சோடு பேச்சாக, "அப்பா கால்ல கட்டு இன்னும் இருக்கா தம்பி?" என்றார்.

"நேத்துதான் பிரிச்சாங்க மேடம்."

"அடடா" என்றார்.

நம் வீட்டு ஆள் மேல் இவருக்கு இவ்வளவு கவலையா என்று நெகிழ்ந்து போய் அம்மாவிடம் கூடச் சொன்னேன். அந்த 'அடடா' எதற்கு என்று எனக்குப் புரிய இன்னும் நான்கு மாதம் இருந்தது.

ஆண்டறிக்கை செய்யும்போது ஊழியர்கள் எல்லோருடைய படமும் ஒரு பக்கத்தில் வர வேண்டும் என்றார்கள். பதினான்கு பேர் படம் வந்தது. மேடத்தின் படம் வரவில்லை. கேட்டேன்.

"என் படம் வேணாம் தம்பி. எனக்கு போட்டோன்னாலே பிடிக்காது."

"கட்டம் காலியா இருக்கும் மேடம்."

"ஏதாவது பூ போட்டு விடுங்க."

பதினைந்தாவது கட்டத்தில் ஒரு தாமரை வைத்தேன். அதன் கீழே அவர் பெயரும் பதவியும். அந்தப் பக்கத்துக்கு மட்டும் சிவப்பு வட்டமே வரவில்லை.

எட்டாவது மாதம் ஒரு புது வேலை கொடுத்தார். கல்குவாரியிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலும் புருஷனைப் பறிகொடுத்த பெண்களுக்கு ஒரு திட்டம். அதற்கு முகம் வேண்டும். "சுரங்கம் உங்க ஊர்ப் பக்கம்தானே? நல்ல முகமா நாலஞ்சு எடுத்து அனுப்புங்களேன். யாரா இருந்தாலும் சரி, கிராமத்து முகம் வேணும்."

பாயிடம் சவுதியிலிருந்து வந்த டிஜிட்டல் கேமரா ஒன்று இருந்தது. "பாத்து தம்பி, மச்சான் ஆசையாக் கொண்டாந்து குடுத்தது" என்று கழுத்தில் மாட்டிவிட்டார். ஊருக்கு வந்து யாரை எடுப்பது என்று தயங்கினேன். புருஷன் இல்லாதவர்கள் வீட்டு வாசலில் கேமராவோடு போய் நிற்க மனம் வரவில்லை. அம்மா இருமலோடு படுத்திருந்தாள். பக்கத்து வீடு சித்தி வீடு. என் அப்பாவின் தம்பி மனைவி. சித்தப்பா சவுதிக்குப் போய் ஒன்றரை வருஷம். பாயின் மச்சான் மூலமாகப் போனவர், கட்டட வேலை.

"என்னைய எதுக்குடா? நல்லாருக்குற ஆளாப் பாத்து எடு" என்றாள் சித்தி.

"கிராமத்து முகம் வேணுமாம் சித்தி."

"அப்ப எம் மூஞ்சிதான்" என்று சிரித்துவிட்டு உள்ளே போனாள். அரை மணி நேரம் ஆளைக் காணோம். வெளியே வந்தபோது அரக்கு நிறப் பட்டு கட்டியிருந்தாள், கல்யாணச் சேலை. தலையில் கனகாம்பரம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. தாலிக் கயிற்றில் புதிதாக மஞ்சள் தேய்த்து, சேலைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டாள். கயிறுதான், தங்கக் கொடி சித்தப்பாவின் விசாச் செலவுக்குப் போயிற்று.

"தாலி தெரியுதா பாரு" என்றாள்.

"தெரியுது சித்தி."

"எனக்கு ஒண்ணு குடுத்துரு. அவருக்கு அனுப்பணும். ஊர்லேர்ந்து யாரு போனாலும், உம் பொண்டாட்டி எளச்சுட்டாளாமேன்னு கேக்குறாராம்."

நான்கு படம் எடுத்தேன். நான்கையும் அனுப்பினேன்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கரண்டிச் சத்தத்துக்கு முன்பே குரல் வந்தது. "தம்பி, இதுதான் முகம். இத்தனை நாள் எங்க வச்சிருந்தீங்க?"

யார் என்று கேட்கவில்லை. பெயர் கேட்கவில்லை. நானும் சித்தி என்று சொல்லவில்லை. அவர் பாராட்டி முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"ஒரு சின்னத் திருத்தம். பொட்டு, பூ, தாலி மூணையும் எடுத்துடுங்க. சிரிப்பையும் கொஞ்சம் குறைச்சிடுங்க."

"மேடம், இவங்களுக்குப் புருஷன் இருக்காரு."

"இருக்கட்டும் தம்பி. நல்லா இருக்கட்டும். இது வெளிநாட்டுல இருக்கறவங்களுக்குப் போற நோட்டீஸ். உங்க ஊர்ல யாரு பாக்கப் போறா?"

கரண்டி சுற்றியது.

"அப்புறம், உங்க சர்டிபிகேட்டுக்கு லெட்டர் டிராப்ட் பண்ணிட்டேன். பத்து மாசம் முடிஞ்சதும் கையெழுத்து போட்டு அனுப்பிடறேன்."

அன்று மத்தியானம் நாற்பது நிமிஷம் ஆனது எனக்கு. கூந்தலின் கறுப்பை எடுத்துப் பூவின் மேல் பூசினேன். நெற்றித் தோலை எடுத்துப் பொட்டின் மேல். கழுத்துத் தோலை எடுத்துக் கயிற்றின் மேல், மேலிருந்து கீழாக, அங்குலம் அங்குலமாக. உதட்டு ஓரம் இரண்டையும் சற்று இறக்கினேன். அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் பதில். கழுத்தில் ஒரு சிவப்பு வட்டம். "இது என்ன கோடு? தழும்பா? எடுத்துடுங்க" என்று எழுதியிருந்தது.

பெரிதாக்கிப் பார்த்தேன். தழும்பு இல்லை. மஞ்சள் கயிறு உரசி உரசித் தோலில் ஏறியிருந்த மஞ்சள். கயிற்றை எடுத்துவிட்டிருந்தேன், கறை நின்றிருந்தது. அதையும் எடுத்தேன்.

ஒரு வாரம் கழித்து, "இதையே தமிழ்லயும் ஒண்ணு பண்ணிக் குடுங்க, ஃபைலுக்கு" என்றார். வாசகம் அவர் சொன்னது, தட்டியது நான். 'கணவனைச் சுரங்கம் கொண்டுபோனது. இவளைக் கைவிடலாமா நாம்?' எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றார். சுற்றிலும் கறுப்புப் பட்டை நான் என் யோசனையில் வைத்தது. அதையும் பாராட்டினார்.

அது ஃபைலுக்குப் போகவில்லை. இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, எங்கள் பக்கத்து ஊர்களில் எல்லாம் போஸ்டராக வந்து ஒட்டியிருந்தது. ஒட்டியவர்கள் யாரோ ஒப்பந்த ஆட்கள். விடிகாலையில் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடை திறக்க நான் இருட்டோடு பஸ் ஏறிவிட்டதால் பார்க்கவில்லை.

எங்கள் பக்கம் யாராவது இறந்தால் கறுப்புப் பட்டை போட்டுப் படத்தோடு போஸ்டர் அடித்து பஸ் ஸ்டாப்பில் ஒட்டுவது வழக்கம். பிணத்தின் தலைமாட்டில் ஆள் உட்கார்ந்து அழும்போதே போஸ்டர் சுவரில் ஏறிவிடும். ஆள் வந்து தகவல் சொல்வதற்கு முன்னால் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. அப்படிப் பழகிய கண்கள் அன்று காலையில் சுவரைப் பார்த்திருக்கின்றன. கறுப்புப் பட்டை. உள்ளே சித்தி, பொட்டில்லாமல், பூவில்லாமல், வெறுங்கழுத்தோடு. படிக்கத் தெரியாதவர்கள் அதோடு புரிந்துகொண்டார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் வாசகத்தையும் படித்துச் சொன்னார்கள்.

மணி பதினொன்று ஆகவில்லை. எங்கள் தெரு மாமா ஒருவர் டிவிஎஸ் பிப்டியில் அரியலூருக்கு வந்து கடை வாசலில் நின்றார். டீக்கடையில் என்னைக் கேலி செய்கிறவர். அன்று முகம் வேறாக இருந்தது.

"கிளம்புடா. உங்க சித்தப்பன் போயிட்டான்."

"யாரு சொன்னா மாமா?"

"நோட்டீஸே ஒட்டிட்டாங்கடா. சவுதியில சுரங்கத்துல மாட்டிக்கிட்டானாம்."

அவர் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். எங்கள் ஸ்டாப் சுவரில் வரிசையாக ஆறு. வண்டியை விட்டு இறங்காமலே எல்லாம் புரிந்துவிட்டது.

சித்தி வீட்டு வாசலில் முப்பது பெண்கள் இருப்பார்கள். கட்டிப்பிடித்து வட்டமாக உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். நடுவில் சித்தி. தலை அவிழ்ந்திருந்தது. நெற்றியில் அடித்துக்கொண்டதில் பொட்டு கலைந்து புருவமெல்லாம் சிவப்பு. அம்மா அவளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது படிக்கும் சித்தி மகள் யூனிபாரத்தோடு சுவரோரம் நின்றது.

"சித்தப்பா சாவல. அது தப்பு நோட்டீஸ்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன். ஒரு கிழவர் போஸ்டர் ஒன்றைச் சுவரிலிருந்து கிழித்துக்கொண்டு வந்திருந்தார், பசை காயாமல். அதை என் கையில் கொடுத்தார்.

"நீ படிச்சவன். நீயே படிச்சுச் சொல்லு, என்னா போட்டிருக்குன்னு."

படித்தேன். 'கணவனைச் சுரங்கம் கொண்டுபோனது.' நான் தட்டிய எழுத்து. சித்தி பெருங்குரலெடுத்து மண்ணில் சாய்ந்தாள்.

"அச்சடிச்சதுல பொய் வருமாடா?" என்றார் கிழவர்.

நான்தான் செய்தேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் எல்லோரும் எழுந்து போயிருப்பார்கள். என்னை அடித்திருப்பார்கள், சென்னைக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள், சர்டிபிகேட் வந்திருக்காது. அவ்வளவுதான் நடந்திருக்கும். அதைச் சொல்லாமல், "பாய் கடையிலேர்ந்து சவுதிக்கு போன் போட்டுக் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு மாமாவின் வண்டியை வாங்கிக்கொண்டு அரியலூருக்கு ஓடினேன்.

ஊரில் பரவிய செய்தியை மட்டும் சொன்னேன், பாய் உடனே மச்சானுக்குப் போன் போட்டார். "ஆளு சைட்ல இருப்பாரு தம்பி. அவங்க ரூமுக்கு வர சாயங்காலம் ஆகும். இன்ஷா அல்லாஹ், ஒண்ணும் இருக்காது. ஊருக்குப் போயிச் சொல்லுங்க." எனக்கு ஒன்றும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் ஊருக்குப் போகவில்லை. சாயங்காலம் வரை கடையிலேயே உட்கார்ந்திருந்தேன். அங்கே அழுகை நிற்கவில்லை என்றும் தெரியும்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் தெரு மளிகைக் கடைப் போனுக்குச் சித்தப்பா பேசினார். சித்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து ரிசீவரைக் காதில் வைத்தார்கள். அப்போது நானும் வந்து சேர்ந்திருந்தேன். எதிர்முனையில் சித்தப்பா "என்னாடி, என்னா ஆச்சு" என்பது வெளியே வரை கேட்டது. சித்தி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"சாப்டீங்களா?" என்றாள். அப்படியே அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மெட்ராஸ்காரன் ஆளை மாற்றி அடித்துவிட்டான் என்று ஊர் முடிவு செய்தது. மறுநாள் விடிந்ததும் சித்தி பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். நான் பின்னால் போனேன். மிச்சமிருந்த போஸ்டர் முன்னால் நின்றாள். சேலையைப் பார்த்தாள். அரக்குப் பட்டின் கரையை விரலால் தொட்டாள். பிறகு, படத்தில் கயிறு இருந்த இடத்தைத் தொட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்று பதினொரு மணிக்கு மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். உலகத்தில் அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். அது என் சித்தி என்று சொன்னேன். முப்பது பெண்கள் அழுதது, மண்ணில் சாய்ந்தது, "சாப்டீங்களா" என்றது எல்லாம். கரண்டி நின்றுவிட்டது. மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அவர் அழுதார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

"ஐயோ" என்றார். பிறகு, "அந்த நேரத்துல கேமரா உங்ககிட்ட இருந்துச்சா தம்பி?" என்றார்.

கேமரா என் பையில்தான் இருந்தது. போஸ்டர் ஒட்டிய அன்று காலைதான் வேறு வேலைக்காகப் பாயிடம் வாங்கியிருந்தேன். அழுகைக்கு நடுவே நின்றபோதும் தோளில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"இல்ல மேடம்."

"அடடா" என்றார். "பரவால்ல."

பழைய 'அடடா'வும் அப்போதுதான் புரிந்தது. அப்பாவின் கால் கட்டு அவருக்கு ஒரு நல்ல படம். அது கை நழுவிப் போன வருத்தம்.

அத்தோடு போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இன்னும் மூன்று வாரம் இருந்தது. மூன்று வாரமும் வேலை பார்த்தேன். அவரும் முன்போலவே பேசினார். சர்டிபிகேட் தபாலில் வந்தது, கெட்டி அட்டை. 'நுணுக்கமான விஷயங்களிலும் கவனம் தவறாதவர்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. கீழே அவர் கையெழுத்து, ஒரு சுழி, அதற்குக் கீழே ஒரு கோடு. அப்பா அதைக் கையில் வாங்குமுன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார்.

திருச்சி அச்சகத்தில் முதலாளி சர்டிபிகேட்டைப் பார்த்தார். செய்த வேலைகளைக் காட்டு என்றார். இருந்ததிலேயே நல்ல வேலை அந்தப் போஸ்டர்தான், எடுத்துக்கொண்டு போயிருந்தேன். பக்கங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர் அதில் நின்றார்.

"யாருப்பா இந்தப் பொம்பள?"

"தெரியாது சார். ஆபீஸ்லேர்ந்து அனுப்பின படம்."

"மூஞ்சியப் பாத்தாலே காசு குடுக்கத் தோணுது" என்றார். திங்கட்கிழமை வரச் சொன்னார்.

முதல் மாதம் முடிவதற்குள் சித்திக்குக் கொடுக்க வேண்டிய படம் நினைவுக்கு வந்தது. அவள் கேட்கவில்லை, கேட்காதது உறுத்தியது. பழைய நான்கு படமும் இல்லை. கேமரா காலி, மெயிலில் இடம் போதாது என்று அனுப்பியவற்றை அவ்வப்போது அழித்துவிடுவேன். பாய் இடையில் வைரஸ் என்று கம்ப்யூட்டரைச் சுத்தமாக அழித்துவிட்டிருந்தார். மேடத்துக்கு மெயில் போட்டேன். "ஒரிஜினல் எதையும் வச்சுக்கறதில்ல தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்று பதில் வந்தது.

என்னிடம் இருந்தது திருத்திய படம் மட்டும். எனவே திருப்பித் திருத்தினேன். அச்சகத்தின் நல்ல கம்ப்யூட்டரில், வேலை முடிந்த பிறகு மூன்று நாள். உதட்டு ஓரங்களை மேலே தூக்கினேன். பொட்டு வைத்தேன். கனகாம்பரத்தைப் பூக்கடைக்காரர் ஒருவருடைய விளம்பரத்திலிருந்து எடுத்தேன். தாலிக்கு, மேடம் எப்போதோ அனுப்பிய படங்களில் என் சிடியில் தங்கிவிட்ட ஒன்று இருந்தது. எந்த ஊர் என்று தெரியாத ஒரு பெண். கழுத்தில் தங்கக் கொடியோடு தாலி. சித்திக்குக் கொடி இருந்தால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்து அதை எடுத்துப் பொருத்தினேன். பளபளப்புத் தாளில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஊருக்குக் கொண்டுபோனேன்.

சித்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்து, படத்தை வாங்கினாள். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்குக் கயிறுதானேடா" என்றாள்.

"ஒரு சின்னத் திருத்தம்தான் சித்தி. மாத்திடலாம்."

"இது யாரோடது?"

"யாரோ ஒருத்தங்க."

"எந்த ஊரு?"

"தெரியல சித்தி."

"அவ புருஷன் உசுரோட இருக்காரா?"

சித்தி படத்தைத் தரையில் வைக்கவில்லை, மடிக்கவும் இல்லை. உள்ளே போய் ஒரு பழைய வேட்டித் துணியைக் கிழித்து எடுத்து வந்து அதில் சுற்றினாள். சுற்றி என் கையில் கொடுத்தாள்.

"திருமழபாடிப் பக்கம் போனீன்னா ஆத்துல விட்டுரு" என்றாள். "குப்பையில கிப்பையில போட்டுறாத. ஒருத்தியோட தாலி."